வீட்டோடு தங்கிய கடைக்குட்டி

அயர்லாந்துக் கிராமத்தில் நடந்த ஆராய்ச்சியும் அது கிளப்பிய புயலும்

அயர்லாந்து ஒரு சிறிய நாடு. இங்கிலாந்துக்கு மேற்கே, கடலுக்கு அப்பால் இருக்கிறது. 1950-களில் அதன் ஜனத்தொகை 30 லட்சத்தைக்கூட எட்டவில்லை.

ஆனாலும் அந்தச் சின்ன நாடு ஒரு விஷயத்தில் உலகத்துக்கே முதலாவதாக நின்றது. பெருமைப்படக்கூடிய விஷயம் அல்ல. மனநோய் ஆஸ்பத்திரிகளில் கிடந்த கட்டில்களின் எண்ணிக்கைதான் அது!

1958-ஆம் ஆண்டு வாக்கில் அந்த ஆஸ்பத்திரிகளில் 20,000 பேருக்கு மேல் இருந்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாட்டில் ஏறத்தாழ 140 பேருக்கு ஒருவர் மனநோய் ஆஸ்பத்திரிக்குள்ளே இருந்தார். ஆயிரம் பேருக்கு 7 கட்டில்களுக்கு மேல் இருந்தன. உலகத்தில் வேறு எந்த நாட்டிலும் இவ்வளவு இருந்ததாகத் தெரியவில்லை என்று, சர்க்கார் நியமித்த விசாரணைக் குழுவே 1966-ல் எழுதியது.

ஏன் இப்படி?

ஐரிஷ்காரர்களின் ரத்தத்திலேயே கோளாறு என்றார்கள் சிலர். ஓயாத மழையும் காற்றும் காரணம் என்றார்கள் சிலர். குடிதான் காரணம் என்றும், மதக் கட்டுப்பாடுதான் காரணம் என்றும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

இதற்கு விடை தேடி 1974-ல் அமெரிக்காவிலிருந்து ஓர் இளம் பெண் புறப்பட்டு வந்தார். அவர் எழுதிய புத்தகம் பரிசு வாங்கியது. பல்கலைக்கழகங்களில் பாடமாகியது. அவர் யாரைப் பற்றி எழுதினாரோ, அந்த ஊர்க்காரர்களோ கொதித்துப் போனார்கள். 25 ஆண்டுகள் கழித்து அவர் திரும்பி வந்தபோதும் அவர்கள் கோபம் ஆறவில்லை. ஊரைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள்!

அவர் சொன்னது என்ன? அதில் எது சரி, எது பிசகு? ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு இன்று பார்க்கும்போது, பல விஷயங்கள் தெளிவாகத் தெரிகின்றன.

கிராமத்தில் குடியேறினார்

அந்தப் பெண்ணின் பெயர் நான்சி ஷெப்பர்-ஹியூஸ். அவர் படித்தது மானிடவியல். ஜனங்களோடு ஜனங்களாக வாழ்ந்து, அவர்களுடைய பழக்கவழக்கங்களை ஆராய்வதுதான் மானிடவியல். அதில் டாக்டர் பட்டம் பெறுவதற்காகவே அவர் அயர்லாந்துக்கு வந்தார். கணவரையும் 3 சிறு குழந்தைகளையும் உடன் அழைத்து வந்தார்.

அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில் கெர்ரி என்று ஒரு ஜில்லா. அங்கே டிங்கிள் என்ற தீபகற்பம் கடலுக்குள் விரல் நீட்டினாற்போல் நீண்டு கிடக்கிறது. ஒரு பக்கம் மலை. ஒரு பக்கம் அட்லாண்டிக் சமுத்திரம். நடுவில் கல் சுவர் எடுத்த சின்னச் சின்ன வயல்கள். ஆடு, மாடு, உருளைக்கிழங்கு, கொஞ்சம் மீன். இதுதான் பிழைப்பு.

அங்கே ஒரு கிராமத்தில் அவர் குடியேறினார். ஓர் ஆண்டு தங்கினார். புத்தகத்தில் அந்த ஊருக்கு ‘பாலிப்ரான்’ என்று பொய்ப் பெயர் சூட்டினார். அங்குள்ளவர்கள் யார் என்று வெளியே தெரியக் கூடாது என்பதற்காக. இந்தக் கட்டுரையிலும் அந்தப் பெயரே இருக்கட்டும்.

அவர் மாதா கோவிலுக்குப் போனார். சாராயக் கடையில் ஆண்கள் பேசுவதைக் கேட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கட்டுரை எழுதச் சொல்லிப் படித்தார். இளைஞர்களிடம் படங்களைக் காட்டி, “இந்தப் படத்துக்கு ஒரு கதை சொல்லுங்கள்” என்று கேட்டார். சொல்லுகிற கதையில் சொல்லுகிறவரின் மனசு தெரியும் என்பது இந்தச் சோதனையின் தத்துவம். ஆஸ்பத்திரியில் இருந்த இளம் மனநோயாளிகளிடமும் அதே படங்களைக் காட்டினார்.

அவருக்கு முக்கியமாகப் பட்டது மனச்சிதைவு என்ற நோய். டாக்டர்கள் இதை ஸ்கிஸோஃப்ரினியா என்பார்கள். இல்லாத குரல் காதில் கேட்கும். யாரோ கெடுதல் செய்ய வருவதாகத் தோன்றும். பேச்சும் நினைப்பும் கோர்வை இழந்து போகும். உலகத்தில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது.

அயர்லாந்து ஆஸ்பத்திரிகளில் கிடந்தவர்களில் பலருக்கு இந்த நோய் என்றே எழுதியிருந்தார்கள். இன்னொரு விஷயமும் இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் கலியாணம் ஆகாதவர்கள்.

இதுதான் அவர் பிடித்துக்கொண்ட நூல்.

பஞ்சம் மாற்றிய குடும்பம்

கலியாணம் ஆகாதவர்கள் அயர்லாந்தில் ஏன் இவ்வளவு பேர்? அதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் நூறு ஆண்டுகளுக்கு மேல் பின்னே போக வேண்டும்.

1841-ல் அயர்லாந்துத் தீவு முழுவதிலும் 80 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். ஏழைகளுக்கு உருளைக்கிழங்குதான் சாப்பாடு. அப்பனுக்கு இருந்த துண்டு நிலத்தைப் பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒரு குடிசை, ஒரு கிழங்குத் தோட்டம். அது போதும், கலியாணம் செய்துகொள்ளலாம்.

1845-ல் கிழங்குப் பயிரில் ஒரு நோய் விழுந்தது. செடி கறுத்தது. கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகியது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அப்படியே. பட்டினியாலும் அதோடு வந்த காய்ச்சலாலும் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். அதற்கு மேலும் பலர் கப்பல் ஏறி ஓடினார்கள். 1851-ல் கணக்கெடுத்தபோது ஜனத்தொகை 66 லட்சமாகக் குறைந்திருந்தது.

பிழைத்தவர்கள் ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள். நிலத்தைத் துண்டு போட்டால் சாவுதான்!

அன்று முதல் வழக்கம் மாறியது. நிலம் முழுவதும் ஒரே பிள்ளைக்கு. எந்தப் பிள்ளைக்கு என்பது தகப்பனாரின் இஷ்டம். ஒரு பெண்ணுக்கு மட்டும் சீதனம் கொடுக்க முடியும். மற்றவர்கள்? அமெரிக்காவுக்கோ, இங்கிலாந்துக்கோ போக வேண்டியதுதான். சிலர் பாதிரியார் ஆனார்கள். சிலர் கன்னியாஸ்திரீ மடத்தில் சேர்ந்தார்கள்.

நிலம் கிடைத்த பிள்ளைக்கும் நிம்மதி கிடையாது. தகப்பனார் கைவிட்டுக் கொடுக்கிறவரைக்கும் அவன் கலியாணம் செய்ய முடியாது. 40 வயதானாலும் ஊரில் அவனைப் ‘பையன்’ என்றே கூப்பிடுவார்கள். 20-ஆம் நூற்றாண்டின் நடுவில், அயர்லாந்தில் ஐம்பது வயதை ஒட்டிய ஆண்களில் நாலில் ஒருவருக்கு மேல் பிரம்மசாரி. ஐரோப்பாவில் இவ்வளவு அதிகம் வேறெங்கும் காண்பது அரிது.

கடைக்குட்டியின் கதி

ஆரம்பத்தில் நிலம் கிடைத்தவன் அதிர்ஷ்டசாலி. காலம் போகப் போக இது தலைகீழாக மாறிவிட்டது என்று கண்டார் நான்சி. அவருடைய புத்தகத்தின் உயிர்நாடி இதுதான்.

பட்டணங்கள் வளர்ந்தன. சம்பளம் வந்தது. 1973-ல் அயர்லாந்து ஐரோப்பியப் பொருளாதாரக் கூட்டில் சேர்ந்தது. பெரிய பண்ணைகள் செழித்தன. மலைச்சரிவில் இருந்த சின்னப் பண்ணைகளுக்கு மதிப்பு போய்விட்டது. கெட்டிக்காரப் பிள்ளைகள் படித்துவிட்டு வெளியேறினார்கள். பெண்கள் அவர்களுக்கு முன்னாலேயே போய்விட்டார்கள். சேற்றிலும் காற்றிலும் மாமியாருக்கு அடங்கி வாழ எந்தப் பெண்ணுக்கு ஆசை?

ஒரு குடும்பத்தை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா, 5 பிள்ளைகள். மூத்தவன் பாஸ்டன் நகரத்தில் வேலை பார்க்கிறான். அடுத்தவன் டப்ளின் நகரத்தில் போலீஸ்காரன். இரண்டு பெண்கள் லண்டனில் நர்ஸ் வேலையில் இருக்கிறார்கள். மிஞ்சியது கடைக்குட்டி.

அப்பாவுக்கு வயதாகிவிட்டது. மாட்டைப் பார்க்க ஆள் வேண்டும். அம்மாவுக்குத் துணை வேண்டும். அவனும் போய்விட்டால் அடுப்பில் நெருப்பு மூட்டக்கூட ஆள் இல்லை.

அவனை எப்படி நிறுத்தி வைப்பது? கட்டிப் போட முடியாது. ‘உனக்கு எங்கே சாமர்த்தியம்? நீ எங்கே போய்ப் பிழைப்பாய்?’ என்ற சொல்தான் கயிறு. சின்ன வயது முதல் அவன் காதில் அது விழுந்துகொண்டே இருக்கிறது. மற்றப் பிள்ளைகளைப் பாராட்டுகிற வீட்டில் இவனுக்குக் கேலி. கேட்டுக் கேட்டு அவனே நம்பிவிடுகிறான்.

சில ஆண்டுகளில் அவனுக்கு நிலம் கிடைக்கிறது. ஆனால் அந்த நிலத்தை நம்பி அவனுக்குப் பெண் கிடைக்காது. அப்பா போகிறார். பிறகு அம்மாவும் போகிறாள். மலையடிவாரத்தில் தனி வீடு. நாய் ஒன்று. சனிக்கிழமை இரவு சாராயக் கடை.

நிலமும் வீடும் உள்ளவன். ஆனால் ஊரில் அவனுக்கு ஓர் இடம் இல்லை. இப்படிப்பட்டவர்கள்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலை நிரப்புகிறார்கள் என்றார் நான்சி.

1979-ல் அவருடைய புத்தகம் வெளிவந்தது. முற்காலத்தில் அயர்லாந்துக்கு ‘புனிதர்களும் அறிஞர்களும் வாழும் நாடு’ என்று பெருமை உண்டு. அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டு, ‘புனிதர்கள், அறிஞர்கள், மனச்சிதைவு நோயாளிகள்’ என்று பெயர் வைத்தார். பெயரிலேயே குத்தல்!

பழைய சட்டம் செய்த வேலை

கடைக்குட்டியின் தனிமையைப் பற்றி அவர் சொன்னதை இன்றும் பலர் ஒப்புக்கொள்ளுகிறார்கள். ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. தனிமையில் வாடுகிறவன் எல்லாம் நோயாளியா? ஆஸ்பத்திரியில் இருந்த 20,000 பேருக்கும் உண்மையிலேயே மனநோயா?

இங்கே ஒரு பழைய சட்டத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

1838-ல் அயர்லாந்தை ஆண்ட பிரிட்டிஷ் சர்க்கார் ஒரு சட்டம் போட்டது. ஒருவருக்குச் சித்தம் கலங்கி இருக்கிறது, அவர் குற்றம் செய்யக்கூடும் என்று இரண்டு மாஜிஸ்திரேட்டுகளுக்குத் தோன்றினால் போதும். அவரை அடைத்துவிடலாம். முதலில் ஜெயில். அங்கிருந்து பைத்தியக்கார ஆஸ்பத்திரி. 1867-ல் அதைத் திருத்தி, டாக்டர் சர்ட்டிபிகேட்டுடன் நேரே ஆஸ்பத்திரிக்கே அனுப்பலாம் என்று ஆக்கினார்கள்.

போலீஸார் வந்து அழைத்துப் போவார்கள். வண்டிச் செலவு சர்க்காருடையது. அனுப்பப்பட்டவரை ஆஸ்பத்திரி திருப்பி அனுப்ப முடியாது.

இதன் விளைவு என்ன? வீட்டில் சச்சரவா? நிலத் தகராறா? வேலைக்கு உதவாத அண்ணனா? வயதான அத்தையைப் பார்க்க ஆள் இல்லையா? நாலு வார்த்தை சொன்னால் ஆளைக் கொண்டு போய்விடுவார்கள். உண்மையிலேயே நோயுற்றவர்களும் போனார்கள். வீட்டுக்குப் பாரமானவர்களும் அவர்களோடு போனார்கள்.

உள்ளே போவது சுலபம். வெளியே வருவதுதான் கஷ்டம். ‘நாங்கள் அழைத்துக்கொள்கிறோம்’ என்று வீட்டார் வந்தால்தானே? தம்பி நிலத்தைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கிவிட்டான். அண்ணன் திரும்பி வந்தால் அவனை எங்கே வைப்பது?

அந்தப் பழைய சட்டம் 1945 வரையில் போகவில்லை. அந்த ஆண்டில்தான் புதுச் சட்டம் வந்தது. தாமாக வந்து சிகிச்சை பெறலாம் என்ற வழி அப்போதுதான் திறந்தது. ஆனால் ஆண்டுக்கணக்கில் அடைத்து வைக்கிற வழியும் அடைபடவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. டப்ளின் நகரத்தின் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த டேமியன் பிரென்னன் என்ற ஆராய்ச்சியாளர் 2014-ல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் சொன்னது இது: ஐரிஷ் ஆஸ்பத்திரிகள் பெருத்ததற்கு நோய் பரவியது காரணம் அல்ல. சட்டமும், குடும்ப வழக்கமும், பிழைப்பும்தான் காரணம்.

பிழைப்பா? ஆம். சின்ன ஊர்களில் அந்த ஆஸ்பத்திரிதான் பெரிய முதலாளி. காவலர், நர்ஸ், சமையல்காரர் என்று எத்தனையோ பேருக்கு அங்கேதான் வேலை. ரொட்டி, பால், இறைச்சி வியாபாரிகளுக்கு அங்கேதான் வியாபாரம். நோயாளிகள் குறைந்தால் ஊரின் வருமானம் குறையும். ஆளுக்காகக் கட்டில் போட்ட காலம் போய், கட்டில் இருந்ததால் ஆள் வந்த காலமும் அங்கே இருந்தது!

டாக்டர்களின் மறு கணக்கு

டாக்டர்களும் சும்மா இருக்கவில்லை. கட்டிலை எண்ணினால் உண்மை தெரியாது. நோயை எண்ண வேண்டும் என்று புறப்பட்டார்கள்.

ஒரே ஆள் வெளியே போய்த் திரும்பி வந்தால், அவர் கணக்கில் பல ஆளாகிவிடுவார். 30 ஆண்டுகளாகக் கிடப்பவரும் ஒவ்வோர் ஆண்டும் கணக்கில் ஏறுவார். ஆகவே புதிதாக நோய் கண்டவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் பார்த்தார்கள். டெர்மட் வால்ஷ் என்ற ஐரிஷ் மனநோய் டாக்டர் இதில் முன்னின்றார். 3 ஜில்லாக்களில் நோயாளிகளின் பெயர்களைப் பதிவு செய்து, ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள்.

உலக சுகாதார ஸ்தாபனமும் பல நாடுகளில் ஒரே அளவுகோலால் கணக்கெடுத்தது. டப்ளின் நகரம் அதில் ஒன்று. நம் நாட்டுச் சண்டிகரும் அதில் ஒன்று. நோயின் அடையாளங்கள் தெளிவாக உள்ளவர்களை மட்டும் எண்ணினால், ஆண்டுக்கு லட்சம் பேரில் 7 முதல் 14 பேருக்குப் புதிதாக மனச்சிதைவு வருகிறது என்று தெரிந்தது. டப்ளின் அந்த இரண்டு எல்லைக்குள்தான் நின்றது. மற்ற ஊர்களைவிட மிஞ்சிப் போய்விடவில்லை.

மேற்கு அயர்லாந்திலுள்ள ராஸ்காமன் ஜில்லாவில் குடும்பம் குடும்பமாக ஓர் ஆராய்ச்சி நடந்தது. 1993-ல் அதன் முடிவுகள் வெளியாயின. அங்கேயும் நோய் மிதமிஞ்சி இருக்கவில்லை.

ஐரிஷ் ரத்தத்தில் கோளாறு என்ற பேச்சு இத்தோடு அடிபட்டுப் போயிற்று. நோய் மற்ற நாடுகளில் இருப்பதைப் போலத்தான் அங்கேயும் இருந்தது. நோயாளியையும், நோயாளி அல்லாதவரையும் எங்கே வைப்பது என்பதில்தான் அந்த நாடு மற்ற நாடுகளிலிருந்து வேறுபட்டது.

தாயின் மேல் பழி

நான்சியின் புத்தகத்தில் வேறொரு பகுதியும் இருந்தது. ஊர்க்காரர்களை அதிகம் சுட்டது அதுதான்.

தாய்மார்கள் குழந்தையை அதிகம் எடுத்துக் கொஞ்சுவதில்லை. தொட்டிலில் தனியே விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகளைக் கேலி பேசியே வளர்க்கிறார்கள். ஆணும் பெண்ணும் நெருங்கிப் பழகுவதையே பாவமாக நினைக்கிறார்கள். இதெல்லாம் சேர்ந்து மனசைக் கெடுக்கிறது. இப்படி அவர் எழுதினார்.

அந்தக் காலத்தில் இப்படி நினைத்தது அவர் மட்டும் அல்ல. 1956-ல் அமெரிக்காவில் கிரெகரி பேட்ஸன் முதலான அறிஞர்கள் ஒரு கருத்தை வெளியிட்டார்கள். வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு எதிர்மாறான கட்டளை வந்தால் பிள்ளையின் மனம் சிதைந்துபோகும் என்பது அந்தக் கருத்து. ‘போய்ப் பிழைத்துக்கொள்’ என்று வாய் சொல்லுகிறது. ‘போகாதே’ என்று கண் சொல்லுகிறது. பிள்ளை என்ன செய்வான்? கேட்பதற்கு இது நியாயமாகத்தான் இருந்தது. எத்தனையோ நாடுகளில், எத்தனையோ தாய்மார்கள், ‘நான் வளர்த்த விதம்தான் என் பிள்ளையை இப்படி ஆக்கிவிட்டதோ?’ என்று உள்ளுக்குள்ளேயே அழுதார்கள்.

இன்று டாக்டர்கள் அப்படிச் சொல்லுவதில்லை. இந்த நோய்க்கு ஒரே காரணம் கிடையாது. பரம்பரையாக வரும் கூறுகள் உண்டு. கருவிலும் பிரசவத்திலும் நேரும் கஷ்டங்கள் உண்டு. வாழ்க்கையில் படும் துன்பமும், கஞ்சா போன்ற போதைப் பொருளும் உண்டு. பல சேர்ந்துதான் நோய் வருகிறது. தாயின் வளர்ப்பே இந்த நோயை உண்டாக்கிவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

நோய் வந்த பிறகு வீட்டார் நடந்துகொள்ளும் விதம் முக்கியம்தான். ஏச்சும் பேச்சும் நிறைந்த வீட்டில் நோய் திரும்பத் திரும்ப வருகிறது. பொறுமையும் ஆதரவும் உள்ள வீட்டில் நோயாளி தேறுகிறார். பழி சுமத்துவது வேறு. உதவி கேட்பது வேறு.

ஊர் கொதித்தது

பொய்ப் பெயர் எத்தனை நாள் தாங்கும்? 1980-ல் ஒரு பத்திரிகையாளர் அந்த ஊர் எது என்று கண்டுபிடித்து எழுதிவிட்டார். ஊர்க்காரர்களுக்கு அதற்கும் முன்னாலேயே தெரியும். ஆட்களின் பெயர் மாறியிருந்தது. ஒருவருடைய குணத்தை இன்னொருவருடைய கதையோடு கலந்தும் இருந்தது. ஆனால் நூற்றுக்கணக்கானவர்களே வாழ்கிற ஊரில், ஒருவர் சொன்ன சொல் எது என்று அடுத்த வீட்டுக்காரருக்குத் தெரியாதா?

‘எங்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து டீ குடித்தாள். எங்கள் பிள்ளைகளோடு அவள் பிள்ளைகள் விளையாடின. நம்பிப் பேசினோம். அதையெல்லாம் புத்தகத்தில் போட்டு உலகத்துக்குக் காட்டிவிட்டாளே!’ என்பதுதான் ஊராரின் ஆதங்கம்.

அவர் எழுதியது பொய் என்று எல்லோரும் சொல்லவில்லை. ஊரில் தனிமை இருந்தது, குடி இருந்தது, பிள்ளைகள் போய்விட்ட வீடுகள் இருந்தன. அது அவர்களுக்குத் தெரியாதா? வருத்தம் வேறு. ஊரில் ஒற்றுமையும் இருந்தது. பாட்டும் கதையும் இருந்தன. ஒருவருக்குக் கஷ்டம் என்றால் ஊரே வந்து வைக்கோல் போர் போட்டுக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அதெல்லாம் புத்தகத்தில் எங்கோ ஒரு மூலையில் ஒதுங்கி நின்றது. நோய்தான் நடு வீட்டில் உட்கார்ந்திருந்தது.

அமெரிக்காவிலோ அந்தப் புத்தகத்துக்கு மார்கரெட் மீட் பெயரால் வழங்கப்படும் பரிசு கிடைத்தது. மானிடவியலைப் பொது ஜனங்களுக்குப் புரியவைக்கும் நூல்களுக்குக் கொடுக்கும் பரிசு அது. பரிசளித்தவர்கள் ஒரு பக்கம். புண்பட்டவர்கள் ஒரு பக்கம்.

1999-ல் நான்சி மறுபடியும் அந்த ஊருக்குப் போனார். 25 ஆண்டுகள் ஆகிவிட்டன, கோபம் தணிந்திருக்கும் என்று நினைத்தார். சிலர் அன்போடு பேசினார்கள். பலர் முகம் கொடுக்கவில்லை. அவர் மீண்டும் எழுத வந்திருக்கிறார் என்று பேச்சுக் கிளம்பியது. கடைசியில் ஊரைவிட்டுப் போய்விடும்படி சொல்லிவிட்டார்கள். அவரும் புறப்பட்டுவிட்டார்.

அந்த அனுபவத்தை அவரே எழுதினார். 2001-ல் வெளிவந்த புதுப் பதிப்பில் அதையும் சேர்த்தார். பொய்ப் பெயர் ஊர்க்காரர்களைக் காப்பாற்றவில்லை; எழுதுகிறவருக்குத்தான் அது துணிச்சலைக் கொடுக்கிறது என்று ஒப்புக்கொண்டார். அந்த ஊரில் தாம் கண்ட நல்லதையும் இன்னும் நிறைய எழுதியிருக்க வேண்டும் என்றார். ஆனால் தாம் கண்ட துன்பத்தை மறைத்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

இன்றைய நிலை

அந்தப் பெரிய ஆஸ்பத்திரிகள் இன்று எங்கே?

1963-ல் கணக்கெடுத்தபோது உள்ளே சுமார் 19,800 பேர் இருந்தார்கள். 2010-ல் சுமார் 2,800 பேர்தான். புது மருந்துகள் வந்தன. 1984-ல் சர்க்கார் ஒரு திட்டம் போட்டது. மனநோயாளிகளை ஊருக்கு வெளியே மதில் கட்டி அடைப்பதை விட்டு, வீட்டருகிலேயே சிகிச்சை கொடுக்க வேண்டும் என்றது. பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

2001-ல் புதுச் சட்டம் நிறைவேறியது. 2006-ல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக ஆஸ்பத்திரியில் வைத்தால், 21 நாளுக்குள் ஒரு விசாரணைக் குழு அதைப் பரிசீலிக்க வேண்டும். அவருக்காகப் பேச வக்கீல் உண்டு. நாலு வார்த்தையில் ஆளை அடைத்த காலம் போய்விட்டது. இதையும் திருத்தி அமைக்க 2024-ல் சர்க்கார் இன்னொரு மசோதாவை வெளியிட்டது.

சரி, கடைக்குட்டிகள்? 1974-ல் 25 வயது இளைஞனாக இருந்தவனுக்கு இன்று 75 வயதுக்கு மேல். மலையடிவாரத்து வீடுகளில் அப்படித் தனியே வாழ்கிற கிழவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அவர்களுக்காக ஒரு சின்ன ஏற்பாடு நடந்து வருகிறது. ‘ஆண்களின் கொட்டகை’ என்று அதற்குப் பெயர். ஆஸ்திரேலியாவில் தொடங்கிய யோசனை இது. அயர்லாந்தில் இதற்கென்று 2011-ல் ஒரு சங்கம் ஏற்பட்டது. இன்று நாடு முழுவதும் 400-க்கு மேற்பட்ட கொட்டகைகள் இருக்கின்றன. உள்ளே போனால் தச்சுப் பட்டறை, பழைய ரேடியோ, டீப் பாத்திரம். நாற்காலி செய்கிறார்கள். தோட்டம் போடுகிறார்கள். சீட்டு ஆடுகிறார்கள். யாரும் அவர்களை ‘உங்களுக்கு என்ன நோய்?’ என்று கேட்பதில்லை. ‘அந்த ரம்பத்தை இப்படி எடுங்கள்’ என்றுதான் கேட்கிறார்கள். வேலை செய்துகொண்டே பேச்சு வருகிறது. பேச்சோடு மனப் பாரமும் கொஞ்சம் இறங்குகிறது.

மனச்சிதைவுக்கு இது மருந்து அல்ல. அந்த நோய்க்கு டாக்டர் வேண்டும், மாத்திரை வேண்டும், வீட்டாரின் பொறுமை வேண்டும். ஆனால் நோயாளி அல்லாத ஆயிரக்கணக்கானவர்கள் ஒரு காலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் போய்ப் படுத்ததற்குக் காரணம், அவர்களுக்கு உட்கார வேறு இடம் இல்லாமல் போனதுதான். அந்த இடத்தைத்தான் கொட்டகை கொடுக்கிறது.

கட்டிலை எண்ணுவது சுலபம். அதில் படுத்திருப்பவர் எந்த வீட்டிலிருந்து வந்தார், அந்த வீட்டில் அவரைக் கடைசியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது யார் என்று கேட்பதுதான் கஷ்டம். ஓர் அமெரிக்கப் பெண் அதைக் கேட்கத் துணிந்தார். கேட்டது நல்லது. கேட்டதை ஊரார் முன்னிலையில் முதலில் சொல்லிவிட்டு, பிறகு உலகத்துக்குச் சொல்லியிருந்தால் இன்னும் நல்லதாக இருந்திருக்கும்.